பின்சக்கரமும் திரும்பும் பிக்கப்: 20 வருடத்துக்கு மேல் ஓடிய குவாட்ராஸ்டியர் சியராவை நம்பி வாங்கலாமா?

கேட்டிவாசி

எல்லாருக்கும் வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் இருக்கிறேன். வீட்டில் 26 அடி ட்ராவல் ட்ரெய்லர் ஒன்று உண்டு, பிள்ளைகளுக்கு லீவு விட்டால் அதில்தான் ஊர் சுற்றுவோம். இழுக்க இருப்பது க்ரூ கேப், அதாவது இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப். இழுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஹைவேயில் அலுங்காமல் போகும். திரும்ப வேண்டிய இடம் வந்தால்தான் பிராணன் போகிறது. ட்ரெய்லரை நிறுத்தும் யார்டில் இரண்டு வரிசைக்கு நடுவே விட்டிருக்கிற பாதை குறுகல். ஒரே வீச்சில் திரும்பாது, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித்தான் உள்ளே விட வேண்டும், அதற்குள் பின்னால் வண்டிகள் சேர்ந்துவிடும்.

இப்போது பக்கத்து ஊரில் 2003 ஜிஎம்சி சியரா டெனாலி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பின்சக்கரமும் திரும்புகிற குவாட்ராஸ்டியர் வண்டி. ஒரே ஆள் கையில் இருந்தது, அடியில் துரு இல்லை, விலையும் கட்டுப்படியாகிறது. விற்பவர் தெருவிலேயே ஒரு வட்டம் அடித்துக் காட்டினார், அவ்வளவு நீள வண்டி அந்த இடத்தில் திரும்பியதைப் பார்த்து அசந்துவிட்டேன். ஆனால் விசாரித்தவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்கிறார்கள், மீதிப் பேர் பக்கத்திலேயே போகாதே என்கிறார்கள். ட்ரெய்லர் மாட்டிய பிறகும் இது உதவுமா? ஹைவேயில் பின்பக்கம் ஆடுமா? கெட்டுப்போனால் சரிசெய்ய ஆள் கிடைப்பார்களா? இல்லை, காசைச் சேர்த்துக்கொண்டு புது மின்சார பிக்கப்புக்கே போய்விடலாமா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

டெட்ராய்ட் பொறியாளர்

வணக்கம் நண்பரே. சேசிஸ் பாகங்கள் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு வண்டி எவ்வளவு இடத்தில் திரும்பும் என்பதை முதலில் முடிவு செய்வது வீல்பேஸ், அதாவது முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடையே உள்ள தூரம். அடுத்தது முன்சக்கரம் எத்தனை டிகிரி வெட்டும் என்பது. சாதாரண வண்டியில் திருப்பத்தின் மையப்புள்ளி எப்போதும் பின் ஆக்ஸிலின் நேர்கோட்டில்தான் விழும், பின்சக்கரம் திரும்பாததால் அதற்கு வேறு வழி கிடையாது. நீங்கள் சொல்கிற சியராவின் வீல்பேஸ் 143.5 அங்குலம், ஏறக்குறைய 3.65 மீட்டர். குவாட்ராஸ்டியரில் மெதுவாகப் போகும்போது பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு எதிர்த்திசையில் 12 டிகிரி வரை திரும்பும். உடனே அந்த மையப்புள்ளி பின் ஆக்ஸிலை விட்டு முன்னே நகர்ந்துவிடுகிறது. முன்சக்கரம் சராசரியாக 32 டிகிரி வெட்டுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மையம் சுமார் 90 செ.மீ முன்னே வருகிறது. அதாவது 3.65 மீட்டர் வீல்பேஸ் உள்ள பிக்கப், 2.7 மீட்டர் வீல்பேஸ் உள்ள வண்டி போலத் திரும்பும். டொயோட்டா கரோலா செடானின் வீல்பேஸே 2.7 மீட்டர்தான், நீங்கள் தெருவில் அசந்துபோனதற்குக் காரணம் அதுதான். திருப்ப வட்டத்தின் விட்டம் 47 அடி அளவில் இருந்தது 37 அடி சொச்சத்துக்கு இறங்குகிறது. பத்தடி என்பது மூன்று மீட்டர், ஒரு முழு லேன் அகலத்தில் கொஞ்சம்தான் குறைவு.

ஹைவே பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வேகம் கூடக் கூட அந்த எதிர்த்திசைக் கோணம் குறைந்துகொண்டே வரும், மணிக்கு சுமார் 45 மைல் அளவில் சைபராகி, அதற்கு மேலே பின்சக்கரம் முன்சக்கரம் திரும்பும் பக்கமே லேசாகத் திரும்பும். வேகத்தில் எதிர்த்திசையில் திருப்பினால் வால் பக்கம் தூக்கி எறிந்துவிடும், அதனால்தான் இந்த மாற்றம். ஒரே பக்கம் திரும்பும்போது வண்டி மூக்கை அதிகம் திருப்பாமல் லேன் மாறும். பின்னால் ட்ரெய்லர் இருக்கும்போது இதன் அருமை தெரியும், ஏனென்றால் ட்ரெய்லரை ஆட்டுவதே இழுக்கிற வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் வெட்டுவதுதான். டேஷ்போர்டில் ஒரு பட்டன் இருக்கும், மூன்று நிலை: இரு சக்கரம், நான்கு சக்கரம், ட்ரெய்லரோடு நான்கு சக்கரம். மூன்றாவதில் இந்த மாற்றம் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும்.

உங்கள் உபயோகத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி அந்த விலையில் கிடையாது என்பதுதான் என் கருத்து. பாகம் கிடைக்குமா என்பதை மட்டும் கையால் வேலை செய்கிறவர்கள் சொல்ல வேண்டும்.

ட்ரெய்லர் பிரியன்

தம்பி, நான் இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அரிசோனாவில் பல வருஷமாக ட்ரெய்லர் இழுக்கிறேன், எல்லாம் சாதாரண பிக்கப்தான். உங்கள் யார்டில் நடக்கிற தொல்லைக்கு இன்னொரு ஆக்ஸில் மோட்டாரா மருந்து? பின்னால் எடுக்கும் பழக்கம்தான் மருந்து. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள், கொஞ்சம் கொஞ்சமாக. கோணம் கூடிப்போனால் தயங்காமல் முன்னே இழுத்து நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். பின்னால் நிற்கிறவன் காத்திருப்பான், அவனும் ஒரு நாள் இதே இடத்தில் ஆட்டியவன்தான்.

அதுவும் கைவரவில்லை என்றால் ஃபோர்ட் 2016-லேயே எஃப்-150-இல் ஒரு குமிழ் கொடுத்துவிட்டான். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று குமிழைத் திருப்பினால் ஸ்டியரிங்கை வண்டியே பார்த்துக்கொள்ளும். பின் ஆக்ஸில் சாதாரண ஆக்ஸில், எந்த ஊர் மெக்கானிக்கும் பார்ப்பார். 20 வருடத்துக்கு முன்னால் நிறுத்திவிட்ட ஒரு சாமானை நம்பிக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பாதைக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று. திருப்ப வட்டம் 37 அடி என்பதெல்லாம் வெறும் வண்டிக்கு. 26 அடி ட்ரெய்லர் பின்னால் இருக்கும்போது இடம் கேட்பது ட்ரெய்லர்தான், வண்டி அல்ல. வண்டி கரோலா மாதிரி திரும்பினால் ட்ரெய்லர் மூலைக்கல்லில் ஏறும்.

டெட்ராய்ட் பொறியாளர்

அண்ணே, பின்னால் எடுக்கும் பழக்கம் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, எந்த வண்டி வாங்கினாலும் அது வேண்டும். ஆனால் கடைசியாகச் சொன்னதில் மாறுபடுகிறேன், ஏனென்றால் ட்ரெய்லர் விஷயத்தில்தான் பின்சக்கரம் திரும்புவது மிக அதிகமாக உதவுகிறது.

ட்ரெய்லர் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வருவது ஏன்? சாதாரண வண்டி வளைவில் நுழையும்போது பின் ஆக்ஸிலே உள்பக்கம் இழுத்துக்கொண்டு வருகிறது, ட்ரெய்லரை மாட்டுகிற ஹிட்ச் பந்தும் அதோடு வருகிறது, ட்ரெய்லர் சக்கரம் அதற்கும் உள்ளே போகிறது. பின்சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்பினால் பின் ஆக்ஸில் முதலில் வளைவின் வெளிப்பக்கம் தள்ளிப்போகும், ஹிட்ச் பந்து இன்னும் கூடுதலாக வெளியே போகும், ட்ரெய்லர் அந்த அகலமான பாதையைப் பிடித்துக்கொண்டு வரும். அதே மூலையைச் சாதாரண பிக்கப்பில் திரும்ப வேண்டுமானால் நாம் எதிர் லேன் வரைக்கும் ஒதுங்கிப் போய் வளைக்க வேண்டியிருக்கும்.

பின்னால் எடுக்கும்போதும் இதேதான். ட்ரெய்லரை ஒரு கோணத்துக்குத் தள்ளிவிட்ட பிறகு வண்டியை அதன் பின்னாலேயே கொண்டுபோய் நேராக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான் யார்டில் இடம் போதாமல் ஆட்டுகிறோம். நாலு சக்கரமும் திரும்பினால் அந்த நேராக்கல் குறைந்த இடத்தில் முடியும். ஆனால் ஒன்று, ட்ரெய்லரும் சீக்கிரம் மடங்கும். கை பழகும் வரை ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாகத்தான் திருப்ப வேண்டும்.

ஸ்காபரோ கராஜ்

வணக்கம். ரொறன்ரோவில கராஜ் வைச்சிருக்கிறன். குவாட்ராஸ்டியர் வண்டியள் எங்கட கராஜுக்கும் வந்திருக்கு. பொறியாளர் தம்பி சொன்ன கணக்கு எல்லாம் சரி, நான் அடியில படுத்து வேலை செய்யிற ஆளின்ர பக்கத்தைச் சொல்லுறன்.

இதின்ர பின் ஆக்ஸில் சாதாரண ஆக்ஸில் இல்லை. டானா 60 வகையில செய்த கனமான சாமான், ஃபோர் வீல் டிரைவ் வண்டியின்ர முன் ஆக்ஸிலில இருக்கிற மாதிரி சக்கரத்தைத் திருப்புற நக்கிள், டை ராட், ஷாஃப்ட்டுக்குள்ள ஜாயின்ட் எல்லாம் பின்னுக்கும் இருக்கு. டிஃபரன்ஷியலோட சேர்த்து ஸ்ரியரிங் ராக்கும் (சக்கரத்தைத் தள்ளித் திருப்புற பல்லுத் தண்டு) மின்சார மோட்டாரும் பூட்டியிருக்கு. இரும்பு வேலை நல்ல பலம். ஓஃப்ரோட் ஆக்கள் உடைஞ்ச வண்டியில இருந்து இந்த ஆக்ஸிலைக் கழட்டித் தங்கட ஜீப்புக்குப் பூட்டுறது அதுக்காகத்தான். ராக் சுலபத்தில தேயாது.

தொந்தரவு எல்லாம் மின்சாரப் பக்கம். பின்சக்கரம் எந்தக் கோணத்தில நிக்குது எண்டு பார்க்கிற சென்சர், அதுக்குப் போற வயர், கனெக்டர், எல்லாம் வண்டிக்கு அடியில ரோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கு. எங்கட ஊரில குளிர்காலம் முழுக்க ரோட்டுக்கு உப்புப் போடுவாங்கள், அந்தத் தண்ணி கனெக்டருக்குள்ள போனா உள்ளுக்கு இருக்கிற உலோக ஊசியெல்லாம் பச்சை பூத்திடும். பிறகு டேஷ்போர்டில சர்வீஸ் லைற் எரியும், சிஸ்டம் நிண்டுபோகும். நிண்டுபோனா ஆபத்து இல்லை, உள்ளுக்கு இருக்கிற ஸ்பிரிங் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து விடும், சாதாரண வண்டி மாதிரி ஓடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இதைப் பயந்து ஒருத்தரும் வாங்காமல் விட வேண்டாம்.

ஆனா புது சென்சர் தேடினா அலைச்சல். உடைச்ச வண்டிச் சாமான் விக்கிற இடங்களிலயும் இந்த வண்டி வைச்சிருக்கிற ஆக்களின்ர குழுக்களிலயும்தான் தேட வேணும். உங்கட பக்கம் உப்பு இல்லை, அது பெரிய அதிர்ஷ்டம். டெக்சாஸ் வண்டியும் எங்கட ஊர் வண்டியும் ஒண்டில்லை.

கேட்டிவாசி

மூன்று பேருக்கும் மிக்க நன்றி, ஒவ்வொரு பதிலையும் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: இவ்வளவு நல்ல சாமானை ஏன் மூன்று நாலு வருடத்திலேயே நிறுத்தினார்கள்? உள்ளே ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும் என்கிறார். இன்னொன்றும் கேட்டார், எங்கள் ட்ரைவ்வேயில் இடதுபக்கம் மதில், அதை ஒட்டியே வண்டியை நிறுத்துவோம், பின்பக்கம் வெளியே வீசிக்கொண்டு போகும் என்றால் மதிலில் இடிக்காதா?

டெட்ராய்ட் பொறியாளர்

அம்மணி கேட்ட இரண்டுமே சரியான கேள்விகள். இரண்டாவதுக்கு முதலில் பதில்: ஆமாம், இடிக்கும், கவனிக்காவிட்டால். மதிலை ஒட்டி நின்றுகொண்டு ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு நகர ஆரம்பித்தால், என் கணக்குப்படி முதல் ஒரு மீட்டருக்குள்ளேயே பின் பம்பரின் மூலை ஓரடிக்கு மேல் மதில் பக்கம் போய்விடும். சாதாரண பிக்கப்பில் இதே இடத்தில் அரை அடி அளவுதான் போகும். அதனால் மதிலை விட்டு வெளியே வரும்வரை பட்டனை இரு சக்கர நிலையில் வையுங்கள், அல்லது முதல் இரண்டு மீட்டர் நேராக வந்துவிட்டுத் திருப்புங்கள். பெட்ரோல் பங்கில் பம்ப் பக்கத்திலும் இதே ஜாக்கிரதை வேண்டும். வீட்டில் வேறு யாராவது வண்டி எடுப்பதாக இருந்தால் சாவியைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

நிறுத்தியதற்குக் காரணம் கோளாறு அல்ல. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. டெல்ஃபி என்கிற உதிரிபாகக் கம்பெனி உருவாக்கி ஜிஎம் 2002 முதல் 2005 வரை விற்ற சாமான் இது. சியரா டெனாலியில் ஆரம்பித்து, சில்வராடோ, பெரிய சபர்பன், யூகான் எக்ஸ்எல் வரை வந்தது. ஆரம்பத்தில் இதற்காகவே பல ஆயிரம் டாலர் கூடக் கேட்டார்கள். விலை உயர்ந்த டெனாலியில்தான் முதலில் வந்தது, அதை வாங்குகிறவர்களில் தினமும் ட்ரெய்லர் இழுக்கிறவர்கள் எத்தனை பேர்? வேலைக்கு வண்டி வாங்குகிற காண்ட்ராக்டருக்கும், குதிரை ட்ரெய்லர் இழுக்கிறவருக்கும், படகை ராம்ப்பில் இறக்குகிறவருக்கும் தேவையான சாமானை சொகுசுப் பட்டியலில் வைத்தார்கள். பிறகு விலையை 2,000 டாலர் அளவுக்கு இறக்கினார்கள், அதற்குள் பேர் கெட்டுவிட்டது. மொத்தம் 16,500 வண்டி அளவில்தான் விற்றது. ஷோரூமுக்குப் போனவர் வெறும் வண்டியை நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவார், அதில் இதன் பலன் எங்கே தெரியும்? ட்ரெய்லரை மாட்டி ஒரு குறுகலான இடத்தில் விட்டுக் காட்டியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும் என்று நம்புகிறேன்.

இன்னொரு சுமையும் இருந்தது. பின்சக்கரம் திரும்ப இடம் வேண்டும் என்பதற்காகப் பின் ஃபெண்டரை அகலப்படுத்தினார்கள், இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரமும் அகலம். அமெரிக்க விதிப்படி 80 அங்குலம் அகலத்தைத் தொட்டுவிட்டால் கூரையில் அடையாள விளக்குகள் வைக்க வேண்டும். நீங்கள் பார்த்த வண்டியின் கூரை முன்விளிம்பில் மஞ்சள் விளக்குகள் இருந்திருக்குமே, அவை அழகுக்கு வைத்தவை அல்ல. எடையும் கூடியது, செலவும் கூடியது.

யோசனையே புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம். விஸ்கான்சின் மாநிலம் கெனோஷாவில் 1913-இல் வெளிவந்த ஜெஃப்ரி குவாட் லாரியில் நாலு சக்கரமும் இழுக்கும், நாலும் திரும்பும், நாலிலும் பிரேக் உண்டு. 1916-இல் அமெரிக்க ஜெனரல் பெர்ஷிங் மெக்சிகோவுக்குள் புரட்சித் தலைவர் பாஞ்சோ வில்லாவைத் தேடிப் போனபோது அந்த லாரிகள் கூடப் போயின. கார்களில் 1985 நிஸ்ஸான் ஸ்கைலைனில் ஹைகாஸ் என்ற பின்சக்கரத் திருப்பம் வந்தது, 1987-இல் ஹோண்டா ப்ரெலூடில் முன்னிருந்து பின்வரை ஒரு ஷாஃப்ட் போட்டு முழுக்க இயந்திர முறையிலேயே செய்தார்கள். கார் சிறியது, அதற்குத் திருப்ப வட்டத்தில் பெரிய லாபம் இல்லை, அதனால் மோகம் அடங்கிவிட்டது. நீள வீல்பேஸ் வண்டிக்குத்தான் இது உயிர். அதைச் சரியான வண்டியில் வைத்துவிட்டு சரியான ஆளிடம் விற்காமல் விட்டதுதான் ஜிஎம்மின் தவறு.

மின்வண்டி

சான் ஹோசேயிலிருந்து. புது மின்சார பிக்கப் பற்றி யாரும் பேசவில்லையே. ஜிஎம் அன்று கைவிட்டதை இன்று தானே மறுபடி கொண்டுவந்திருக்கிறது. ஹம்மர் ஈவியில் பின்சக்கரம் 10 டிகிரி வரை திரும்பும், அவ்வளவு பெரிய பிக்கப்பின் திருப்ப வட்டம் 37.1 அடி. அப்புறம் நண்டு நடை என்று ஒன்று, நாலு சக்கரமும் ஒரே பக்கம் திரும்பி வண்டி மூக்கைத் திருப்பாமலேயே குறுக்காக நகரும். சில்வராடோ ஈவி, சியரா ஈவியிலும் நாலு சக்கரத் திருப்பம் வந்துவிட்டது.

நான் ஓட்டுவது டெஸ்லா சைபர்ட்ரக். இதில் ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்புத் தண்டே கிடையாது, எல்லாம் மின்கம்பி வழி. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பினாலும் ஸ்டியரிங் ஒரு முழுச் சுற்றுக்கூட வராது, மெதுவாகப் போகும்போது சின்னதாகத் திருப்பினாலே சக்கரம் நிறையத் திரும்பும். முதல் சில நாள் கை எகிறிவிடும், பிறகு வேறு வண்டி ஓட்டப் பிடிக்காது. அலுவலக வளாகத்தின் அடித்தளப் பார்க்கிங்கில் வளைந்து வளைந்து இறங்கும் பாதை இருக்கிறதே, பழைய பிக்கப்பில் போகும்போது ஒவ்வொரு வளைவிலும் உள்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே போவேன். இதில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்துக்குக் கிட்டத்தட்ட அதே வழியில் வருகிறது, சுவருக்கும் கதவுக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி எப்போதும் இருக்கிறது.

மின்சார வண்டியில் பேட்டரியைத் தரையில் பரப்ப வேண்டும், அதனால் வீல்பேஸ் நீளம்தான், எடையும் அதிகம்தான். பின்சக்கரம் திரும்பாவிட்டால் நகரத்தில் ஓட்டுவது கஷ்டம். கொடுக்கக் காசு இருந்தால் பழையதைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் எண்ணம்.

ட்ரெய்லர் பிரியன்

நண்டு நடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் தம்பி? ஹம்மர் ஈவியின் எடை 9,000 பவுண்டுக்கு மேல், அது இழுக்கிற ட்ரெய்லரை விட அதுவே கனம். என்னைப் போன்றவர்களுக்கு அதன் விலை எட்டாது. மின்சார பிக்கப் செய்கிற ரிவியன் காரன்கூட நாலு மோட்டாரையும் வைத்து நின்ற இடத்திலேயே சுற்றுகிற வித்தையை விளம்பரம் செய்துவிட்டு, வருஷக்கணக்கில் வண்டியில் கொடுக்காமல் இருந்தான். ஒரு பிக்கப்பில் எனக்கு வேண்டியது நீளமான சரக்குத் தட்டு, குறைந்த வீல்பேஸ், நல்ல கண்ணாடி. இரண்டாவது வரிசை சீட்டுக்காக வண்டியை நீட்டிக்கொண்டே போகிறார்கள், பிறகு திரும்பவில்லை என்று மோட்டார் வைக்கிறார்கள். சின்ன கேபின் வாங்கினால் வீல்பேஸில் ஒன்றரை அடி மிச்சம், யாருக்கும் காசு கொடுக்காமலேயே வட்டம் சுருங்கும்.

டெட்ராய்ட் பொறியாளர்

நண்டு நடைக்கு உங்களுக்கே ஒரு உபயோகம் சொல்கிறேன் அண்ணே. ட்ரெய்லரை மாட்டப் பின்னால் வரும்போது ஹிட்ச் பந்து, அதன்மேல் உட்கார வேண்டிய ட்ரெய்லர் கப்ளருக்கு ஒரு சாண் பக்கவாட்டில் தள்ளி நிற்கும், எல்லாருக்கும் நடப்பதுதான். மறுபடி முன்னே போய், வளைத்து, பின்னே வர வேண்டும். 10 டிகிரியில் குறுக்கே நகர்ந்தால் ஒரு மீட்டருக்கு 17 செ.மீ பக்கவாட்டில் கிடைக்கிறது, மூக்கு திரும்பாது. ஒன்றேகால் மீட்டர் பின்னால் வந்தால் அந்த ஒரு சாண் சரியாகிவிடும். எடையும் விலையும் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. குறைந்த வீல்பேஸ் என்பதும் நல்ல அறிவுரை. ஆனால் இவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பின்சீட் வேண்டும். நீளத்தைக் குறைக்க முடியாதவருக்குத்தான் பின்சக்கரம் திரும்ப வேண்டும்.

நாஞ்சில் காற்று

ஊரிலிருந்து ஒரு செய்தி. எங்கள் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலை இறக்கை ஏற்றிவரும் ட்ரெய்லர்களில் இதே கொள்கைதான் வேலை செய்கிறது. பின் ஆக்ஸில்கள் ஹைட்ராலிக்கில் தனியாகத் திரும்பும், வளைவு வந்தால் ஒருவர் இறங்கி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தபடியே பின்சக்கரத்தைத் திருப்புவார், முன்னால் ஓட்டுநர் வேறு பக்கம் திருப்புவார். இரண்டு பேரும் வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டே அந்தப் பெரிய இறக்கையை ஊர் முக்கில் திருப்பி எடுப்பதை டீக்கடை வாசலில் நின்று பார்க்கும்போது நேரம் போவதே தெரியாது. இங்கே டாடா ஏஸ் மாதிரி சின்ன வண்டிகளே சரக்குக்குப் போதும் என்பதால் பிக்கப்பில் இது வரவில்லை. கட்டிடம் கட்டும் இடங்களில் டெலிஹேண்ட்லர் என்கிற நீளக் கை தூக்கு வண்டி ஓட்டியவர்களுக்கு மூன்று நிலைப் பட்டனும் நண்டு நடையும் பழக்கமாக இருக்கும்.

கேட்டிவாசி

எவ்வளவு விஷயம்! ஹம்மர் விலையைப் பார்த்தேன், அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். பழைய சியராவை வரும் சனிக்கிழமை போய் முழுதாகப் பார்ப்பதாக இருக்கிறேன். ஸ்காபரோ அண்ணா, என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். பொறியாளர் சார், என் யார்டின் பாதை அகலத்தை டேப் வைத்து அளந்தேன், 40 அடி இருக்கிறது. 37 அடி வட்டம் என்றால் வெறும் வண்டி தாராளமாகத் திரும்பிவிடும் அல்லவா?

டெட்ராய்ட் பொறியாளர்

தாராளமாக என்று சொல்ல மாட்டேன். அந்த 37 அடி என்பது சக்கரம் தரையில் போடுகிற தடத்தின் அளவு, அதாவது இரண்டு பக்கமும் நடைபாதை விளிம்பு மட்டும் இருந்தால் போதுமான இடம். முன் பம்பர் மூலை அந்தத் தடத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு வரும். உங்கள் யார்டில் இரண்டு பக்கமும் நிற்பது விளிம்பு இல்லை, அடுத்தவர்களின் ட்ரெய்லர்கள். சுவருக்குச் சுவர் அளந்தால் இன்னும் இரண்டு மூன்று அடி கேட்கும், 40 அடியில் உரசுகிற மாதிரித்தான் வரும். ஒரு முறை பின்னால் எடுத்துத் திரும்புங்கள், சாதாரண வண்டியில் அதுவே மூன்று நாலு முறை ஆகும். விளம்பரத்தில் திருப்ப வட்டம் போட்டிருந்தால் எந்த அளவு என்று பார்க்காமல் இரண்டு வண்டிகளை ஒப்பிடாதீர்கள்.

ஸ்காபரோ கராஜ்

தம்பி, சொல்லுறன் கேளுங்கோ. எஞ்சின் சூடாகிறதுக்கு முதல் போங்கோ. சாவியைத் திருப்பினவுடன டேஷ்போர்டில குவாட்ராஸ்டியர் பட்டனில இருக்கிற லைற்றைப் பாருங்கோ, மூண்டு நிலையும் ஒவ்வொண்டா மாத்திப் பாருங்கோ, சர்வீஸ் எண்டு எழுத்து வந்தா விலை பேசுறதை நிப்பாட்டிப்போட்டு முதல் ஒரு நல்ல ஆளிட்ட ஸ்கானர் போட்டுக் கோளாறுக் கோட் வாசிக்கக் குடுங்கோ. பிறகு ஒருத்தரை ஸ்ரியரிங்கில இருத்தி மெதுவா ஒரு கோடியில இருந்து மற்றக் கோடிக்குத் திருப்பச் சொல்லிப்போட்டு நீங்கள் பின்னுக்கு நிண்டு பாருங்கோ. ரெண்டு பின்சக்கரமும் ஒரே நேரத்தில, தடங்கல் இல்லாமல் போய் வர வேணும். இடையில நிண்டு நிண்டு போனா அது சென்சர் இல்லாட்டி வயர்.

அடியில குனிஞ்சு பார்த்தா ராக்கின்ர ரெண்டு பக்கமும் ரப்பர் பூட் இருக்கும், கிழிஞ்சிருந்தா தண்ணியும் மண்ணும் உள்ளுக்குப் போயிருக்கும். வயர்க் கட்டைப் பிடிச்சுப் பாருங்கோ, ஆராவது வெட்டி ஒட்டுப் போட்டிருந்தா ஏன் எண்டு கேளுங்கோ.

ஓட்டிப் பார்க்கேக்க 60 மைல் வேகத்தில நேர் ரோட்டில ஸ்ரியரிங் நடுவில இருக்கோ எண்டு பாருங்கோ. வண்டி நேராப் போகுது ஆனா ஸ்ரியரிங் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்குது எண்டா பின்சக்கரத்தின்ர நடு தப்பியிருக்கு. பின்னால வாற வண்டியில ஆரையாவது இருத்திப் பார்க்கச் சொன்னா வண்டி கொஞ்சம் குறுக்கால போறது தெரியும். இது அலைன்மென்ட் விஷயம். சாதாரண கடையில முன்சக்கரத்தை மட்டும் பார்த்து விடுவாங்கள், இந்த வண்டிக்கு நாலு சக்கரமும் பார்க்க வேணும், பின்பக்க நடுவை ஸ்கானர் போட்டுச் சொல்லிக் குடுக்க வேணும். அது தெரிஞ்ச கடை உங்கட பக்கத்தில இருக்கோ எண்டு வண்டி வாங்க முதல் நாலு இடத்துக்குப் போன் பண்ணிக் கேளுங்கோ. ரயரையும் தடவிப் பாருங்கோ, பின் ரயரின்ர உள்விளிம்பு மட்டும் தேஞ்சிருந்தா அலைன்மென்ட் கனகாலமாப் பார்க்கேல்லை எண்டு அர்த்தம். இவ்வளவும் சரியா இருந்தா, கிடைக்கேக்கையே ஒரு பழைய சென்சரும் வயர்க் கட்டும் தேடி வாங்கி வீட்டில வைச்சிருங்கோ, விலையை அதுக்கும் சேர்த்துப் பேசுங்கோ.